நலம் விரும்பியைத் தேடி நாலு நாள்

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியபோது என் தலையில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று அக்காள் ஏற்றிவிட்டது. மற்றது நானே இழுத்துவிட்டுக்கொண்டது.

அக்காள் கொடுத்தது கல்யாண விசாரணை. அவள் மகள் வள்ளிக்கு இருபத்தெட்டு வயது. சிங்கப்பூரில் ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். முன்பு நிச்சயமான மாப்பிள்ளைக்குக் கோலாலம்பூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது பத்திரிகை அடித்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து பிள்ளை ஒரே பிடியாக நிற்கிறாள். "குட்டையோ நெட்டையோ, பணம் இருக்கோ இல்லையோ, மறைக்கிற ஆள் மட்டும் வேண்டாம்."

இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் ஒரு இடம் மனசுக்குப் பிடித்து வந்தது. மாப்பிள்ளை பெயர் முத்துக்குமார். திருநெல்வேலி பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் மேஸ்திரி. படம் வந்தது, ஜாதகம் வந்தது, பொருந்தியது. அப்புறம் ஒரு மொட்டைக் கடிதமும் வந்தது. "பையன் கல்லூரிப் பரீட்சையில் பிட் வைத்திருந்து பிடிபட்டவன். பட்டம் வாங்கவில்லை. வீட்டார் மறைக்கிறார்கள். விசாரித்துச் செய்யவும். இப்படிக்கு, நலம் விரும்பி."

வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. "நீ நேரில் போய்ப் பார்த்துட்டு வா. நீ வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றாள் அக்காள். விமான நிலையத்தில் வள்ளி என் பையை வண்டியில் ஏற்றியபடி, "இதுவும் பொய்யாப் போச்சுன்னா இனிமே என்கிட்டே கல்யாணப் பேச்சே எடுக்கக்கூடாது மாமா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இழுத்துவிட்டுக்கொண்ட வேலை ஒரு சொற்பொழிவு. சிங்கப்பூரில் எங்கள் வட்டாரத்தில் நாங்கள் ஆறேழு கிழடுகள் வியாழன்தோறும் காப்பிக்கடையில் கூடி உலகத்தைத் திருத்துவோம். நான் அங்கே பிரகடனம் செய்துகொண்ட பழமைவாதி. ஊர் திரும்பியதும் 'பழமைவாதியின் கண்ணில் மனிதன்' என்று பேசுவதாக வாய்விட்டிருந்தேன். விமானத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது. மனிதன் குறையுள்ளவன், ஆகவே பழைய வேலியைப் பிடுங்காதே. இதற்கு மேல் என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். திருநெல்வேலிக்கு வந்தால் பழமைவாதத்திற்கு ஏது பஞ்சம், இரண்டு உதாரணம் பிடித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நோட்டுப் புத்தகமும் வாங்கி வைத்திருந்தேன்.

டவுனில் என் அத்தை மகன் வீட்டில் தங்கினேன். அத்தான் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருநீறு, இடுப்பு நிறையச் சாவி. பீரோவுக்குப் பூட்டு, அரிசிப் பெட்டிக்குப் பூட்டு, டெலிபோனின் எண் வட்டுக்குப் பூட்டு. காப்பிப்பொடி இருந்த அலமாரிக்கும் ஒரு குட்டிப் பூட்டு தொங்கியதைப் பார்த்து, "என்ன அத்தான் இது?" என்று கேட்டுவிட்டேன். போதாதா!

"மாப்பிள, மனுசன் பொறக்கையிலேயே அழுக்கோட பொறக்கான். செம்புல களிம்பு இருக்குலா, அது மாதிரி. வெளிய இருந்து வந்து ஒட்டுனது இல்ல, கூடவே பொறந்தது. ஆணவம்னு பேரு. தேய்ச்சுக்கிட்டே இருக்கணும். ரெண்டு நாள் விட்டீருன்னா பச்ச புடிச்சிரும். சட்டம், கோயிலு, பூட்டு எல்லாம் அதுக்குத்தான் வச்சிருக்கு."

"அப்போ நானும் திருடன்தானா?"

"இன்னும் எடுக்கல. அவ்வளவுதான்."

சிங்கப்பூரில் குப்பை போட்டால் அபராதம், எச்சில் துப்பினால் அபராதம் என்று சட்டம் போட்டவர்கள் என் அத்தானிடம் பாடம் கேட்டவர்களோ என்று தோன்றியது. மொட்டைக் கடிதத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். "மாட்டுனது ஒரு தடவன்னா மாட்டாதது எத்தனையோ? எழுதுனவனும் யோக்கியன் இல்ல பாத்துக்கிடும். பொறாமக்காரன். எதுத்த வீட்டுக்காரனா இருப்பான்."

மத்தியானம் அத்தானின் மனைவி, என் மதினி, சொதி வைத்திருந்தாள். எங்கள் ஊரில் யாழ்ப்பாணத்து நண்பர்கள் வீட்டுச் சொதி தண்ணியாக, சாதுவாக இருக்கும். இது தேங்காய்ப்பாலும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்குமாக ஒரு கல்யாணப் பந்தியையே கரண்டியில் தூக்கிக்கொண்டு வந்தது. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. மூன்றாம் முறை சோறு வாங்கும்போதே என் ஆணவம் பச்சை பிடித்துவிட்டது.

அத்தான் தூங்கப் போன பிறகு மதினி முருகன் படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, எனக்குக் காப்பி போட்டாள். "அவுகளுக்குத் தெரியுமா மதினி?" என்றேன். "தெரியாம என்ன? அவுக பூட்டுவாக, நான் தொறப்பேன். முப்பது வருசமா இப்படித்தான் ஓடுது" என்றாள். சாயங்காலம் அத்தானிடம் ஜாடையாகக் கேட்டேன். "அவ எடுக்கான்னு எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கேன். குடும்பம்னா அப்படித்தான் மாப்பிள" என்று சொல்லிவிட்டு வானொலிச் செய்திக்குப் போய்விட்டார்.

மறுநாள் பேட்டைக்குப் போனேன். கல்யாண விசாரணைக்கென்று ஒரு முறை உண்டு. பையனை நேரே போய்ப் பார்க்கக் கூடாது. அவன் வேலை பார்க்கிற இடம், படித்த இடம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் ஆளிடம் வர வேண்டும். யார், எதற்கு என்று சொல்லாமல் கேட்க வேண்டும். நான் வெள்ளைச் சட்டையும் குடையுமாகப் பட்டறை வாசலில் போய் நின்று, "அரிசி மில்லுக்குச் சக்கரம் ஒண்ணு கடையணும்" என்று ஆரம்பித்தேன். பட்டறை முதலாளி தங்கராஜ் அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சிங்கப்பூர்லயா அரிசி மில்லு வச்சிருக்கீரு? இரியும். முத்துக்குமாரு இப்ப இல்ல, பாபநாசத்துக்கு ஒரு மோட்டார் மாட்டப் போயிருக்கான். நாளக் கழிச்சுதான் வருவான். டீ சாப்பிடுதீரா?"

என் ரகசியம் எனக்கு முன்பே பஸ் பிடித்துப் பேட்டைக்கு வந்துவிட்டிருந்தது.

தங்கராஜ் அண்ணாச்சியும் தன்னைப் பழமைக்காரர் என்றே சொல்லிக்கொண்டார். அப்பா போட்ட பட்டறை, அப்பா வைத்த நேரம், கடன் கிடையாது, கட்சி கிடையாது. ஆனால் அத்தானின் களிம்பைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"பூட்டு போட்டு ஒருத்தன வேல வாங்க முடியுமா வே? மனுசன் நல்லவனும் இல்ல, கெட்டவனும் இல்ல. ஆதாயம் எங்கனயோ அங்கன போவான். அத ஒத்துக்கிட்டு ஒழுங்கா யாவாரம் பண்ணா, தன்னால எல்லாவனும் நாணயமா இருப்பான். இப்பத்தான் டெல்லிக்காரனுக்கே அது வெளங்கி, பைய யாவாரத்துக்குக் கதவத் தொறந்து விடுதான். இன்னும் தொறக்கட்டும்."

"பையன் எப்படி அண்ணாச்சி?"

இங்கே நான் உஷாரானேன். முத்துக்குமார் சிங்கப்பூர்ப் பெண்ணைக் கட்டினால் கப்பல் ஏறிவிடுவான். அண்ணாச்சிக்கு நல்ல மேஸ்திரி போய்விடுவான். அவருடைய சித்தாந்தப்படியே பார்த்தாலும் அவர் இவனைப் பற்றி நாலு பொல்லாப்பு சொல்ல வேண்டும். மொட்டைக் கடிதமே அவர் வேலையாக இருக்குமோ என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவரோ பெருமூச்சு விட்டார்.

"போன வருசம் ஒரு ஷாஃப்ட்ட அளவு தப்பாக் கடைஞ்சிட்டான். பார்ட்டிக்குத் தெரியவே தெரியாது, மாட்டிருந்தா ஓடும். அவனே தூக்கிட்டு வந்து மேசையில வச்சு, 'என் தப்பு அண்ணாச்சி'ன்னான். தங்கமான பய. நான் இத ஒம்மகிட்ட சொல்லவே கூடாது, எனக்குத்தான் நட்டம்."

"அப்போ ஏன் சொல்லுதீர்?" என் வாயிலும் நெல்லைத் தமிழ் ஒட்டிக்கொண்டது.

அண்ணாச்சி லேத்தில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் தட்டிவிட்டார். "பொய் சொன்னா நாளைக்கு நீரு என்ன நம்ப மாட்டீரு. அதுவும் நட்டம்லா" என்று எப்படியோ கணக்கை நேராக்கிக்கொண்டார். மொட்டைக் கடிதம் அவருடையதா என்று கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. "நான் எழுதுனா பேரு போட்டு எழுதுவேன் வே!" அதை நம்பினேன்.

மூன்றாம் நாள் ஆழ்வார்திருநகரி. முத்துக்குமார் பிட்டோடு பிடிபட்டது நிசம்தான், பிடித்த பேராசிரியர் ஓய்வுபெற்று அங்கே இருக்கிறார் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை காலியாக இருந்தது. அதன்மேல் ஒரு அழுக்குத் துணி சுருண்டு கிடந்தது. யாரோ மறந்துவிட்டுப் போனது என்று ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

இந்த ஊரில் ஜன்னல் வழியாகத் துணியைப் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருடையது. டிக்கெட் இல்லை, எண் இல்லை, காவல் இல்லை. முண்டியடித்து ஏறி அடுத்தவர் காலை மிதிக்கிற அதே ஜனம் ஒரு துண்டுத் துணிக்கு மரியாதை கொடுத்து நின்றுகொண்டு வரும். எங்கள் ஊரில் வரிசையில் நிற்கக் கோடு போட்டுப் படம் ஒட்டியிருக்கிறது. இங்கே ஒன்றுமில்லை, ஆனாலும் நான்தான் குற்றவாளி.

துணிக்குச் சொந்தக்காரி கையில் காலி மீன்கூடையோடு ஏறினாள். உவரிக்காரி, பெயர் அந்தோணியம்மாள் என்று பிற்பாடு தெரிந்தது. பாளையங்கோட்டையில் மீன் விற்றுவிட்டு ஊர் திரும்புகிறாள். நான் தள்ளி வைத்தது அவள் தலைச்சும்மாடு.

"எய்யா, இத யாரு எடுத்தது?"

நாலைந்து விரல்கள் ஒரே சமயத்தில் என்னைக் காட்டின. அவமானமாகத்தான் இருந்தது. எழுந்து, "நான்தான்மா. தெரியாம எடுத்துட்டேன். தப்புதான்" என்றேன்.

"தப்புன்னு சொல்லிட்டேருல்லா, தீந்துது. உக்காரும். கொஞ்சம் நவுந்து உக்காரும்" என்று அவளும் அதே இருக்கையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூடை என் மடியில் ஏறியது. "ஆதித் தாயும் தகப்பனும் பழத்தத் தின்னதுல இருந்து எல்லாவனும் பாவிதான். நானும் பாவி, எங்க சாமியாரும் பாவி. வாயத் தொறந்து சொல்லுதவன் ஒரு சாதி, சொல்லாதவன் ஒரு சாதி. அம்புட்டுத்தான்."

ஆழ்வார்திருநகரி வரை என் மடியில் மீன் வாசனையும் தலையில் பெரும் குழப்பமுமாகப் போனேன். மனிதன் கறையோடு பிறக்கிறான் என்று அத்தானும் சொல்கிறார், அந்தோணியம்மாளும் சொல்கிறாள். அவர் அதற்காகப் பூட்டு வாங்குகிறார், இவள் நகர்ந்து உட்கார இடம் கொடுக்கிறாள். அண்ணாச்சிக்கோ கறையே கிடையாது. மூவரும் பழைய வேலியைப் பிடுங்கக் கூடாது என்பதில் ஒரே கட்சி. வேலிக்குள் நிற்பது என்ன பிராணி என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு.

பேராசிரியர் வரதராஜன் வீட்டுக்குப் போனபோது பத்து மணி. ஸ்நானம், திருமண், சேவை எல்லாம் முடியாமல் அவர் யாரோடும் பேசுவதில்லையாம். ஒரு மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்தார்கள். என் சட்டையில் இருந்து வந்த மீன் வாசனையை அந்த அகத்தில் எல்லாரும் மிகவும் நாகரிகமாகக் கவனிக்காமல் இருந்தார்கள்.

"மன்னிக்கணும், ரொம்ப காக்க வெச்சுட்டேன்" என்று வந்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். கூடவே களிம்பையும் ஆதாயத்தையும் சொல்லி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"மனசுக்குள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கறதே இல்லை. அது பெருமாள் பாக்க வேண்டியது. காலம்பர எழுந்ததும் கை என்ன பண்றதுன்னு பாருங்கோ. நான் அறுபது வருஷமா விடிஞ்சதும் திருமண் இட்டுண்டிருக்கேன். எல்லா நாளும் பக்தி இருந்ததுன்னா நினைக்கறேள்? பாதி நாள் தூக்கக் கலக்கம். கை பழகிடுத்து, பின்னாலேயே மனசும் வந்துடுத்து. மனுஷன்னு தனியா ஒண்ணு கிடையாது. அவாவா பெரியவா பழக்கிவிட்டதுதான் மனுஷன்."

நாலாவது கட்சி! நோட்டுப் புத்தகத்தில் இடமில்லாமல் ஓரத்தில் எழுதினேன். "அந்தப் பையன்?" என்றேன்.

"நன்னா ஞாபகம் இருக்கு. என் காலத்துல எத்தனையோ பேரைப் பிடிச்சிருக்கேன். அழுவான், கால்ல விழுவான், பக்கத்துப் பையன் போட்டான்னு சொல்லுவான். இவன் கையில இருந்து ஒண்ணைத்தான் நான் எடுத்தேன். இவன் எழுந்து நின்னு, 'சார், இன்னொண்ணு இருக்கு'ன்னு காலர்ல இருந்து எடுத்து நீட்டினான். ஒண்ணோட விட்டிருந்தா ஒரு வருஷம் தள்ளி வெச்சிருப்பா. ரெண்டுங்கறதால ரெண்டு வருஷம். அப்புறம் அவன் காலேஜுக்கே வரலை. எனக்கும் அதுல கொஞ்சம் வருத்தம்தான்."

மாவடுவும் தயிர்சாதமும் போட்டு அனுப்பினார்கள். திரும்பும் பஸ்ஸில் என் கைக்குட்டையை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுத்தான் ஏறினேன்.

நாலாம் நாள் முத்துக்குமாரே அத்தான் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான ஆள், நகக்கண்ணில் கிரீஸ். அத்தான் அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பக்கத்து அறையில் போய்ப் பத்திரிகை படிப்பதாகப் பாவனை செய்தார். நான் பையில் இருந்து கடிதத்தை எடுத்தேன். பிரிக்கக்கூட இல்லை.

"வந்து சேந்துட்டா அண்ணாச்சி?" என்றார் அவர். "ரெண்டு மாசமாச்சே, வந்து சேரலையோன்னு நெனச்சேன்."

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இதை எழுதினது..."

"நாந்தான்."

பக்கத்து அறையில் பத்திரிகைச் சரசரப்பு நின்றது.

"வீட்டுல சொல்ல விடல அண்ணாச்சி. கல்யாணம் முடிஞ்சு சொல்லிக்கிடலாம்னு எங்க அம்மை சத்தியம் வாங்கிட்டா. பேரு போட்டு எழுதுனா அம்மைக்குக் குடுத்த வாக்கு போச்சு. எழுதாம இருந்தா அவங்களை ஏமாத்துன மாதிரி ஆயிரும். அதான் பேரு போடாம எழுதுனேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நலம் விரும்பின்னு போட்டது பொய் இல்லல்லா?" என்றார்.

இப்படியும் ஒரு ஆளா! தன் கல்யாணத்தைத் தானே கெடுக்க மொட்டைக் கடிதம் போட்டவனை நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை. அத்தான் வாசலுக்கு வந்து நின்று, "இதுவும் ஒரு ஆணவந்தான் மாப்பிள. நான் நேர்மையானவங்கிற ஆணவம்" என்றார். தங்கராஜ் அண்ணாச்சி இருந்தால், பின்னால் தெரிந்து அசிங்கப்படுவதைவிட முன்னால் தெரிவது ஆதாயம் என்பார். பேராசிரியர் காலரைக் காட்டி, கை பழகிவிட்டது என்பார். அந்தோணியம்மாள், சொல்லிவிட்டார் தீர்ந்தது என்பாள். நாலும் பொருந்தியது. ஆனால் எழுதியவர் இவர்தான் என்று கடித விஷயம் தெரிந்த ஒருவருக்கும் தோன்றவில்லை, பழமைவாதம் பேசக் கடல் தாண்டி வந்த எனக்கும் தோன்றவில்லை.

மூன்று பேருமாக டவுன் தேரடிப் பக்கம் இருந்த டெலிபோன் பூத்துக்குப் போனோம். அத்தான் வீட்டு டெலிபோன் பூட்டைத் திறக்க அவரே முன்வந்திருந்தார், ஆனால் வெளிநாட்டுக்கு அதில் லைன் கிடையாது. கண்ணாடிக் கூண்டுக்குள் நான் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன். முத்துக்குமார் வெளியே நின்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"என்னடா, ஆள் எப்படி?" என்றாள் அக்காள், குசலம்கூடக் கேட்காமல்.

எல்லாவற்றையும் சொன்னேன். பிட் உண்மை, பட்டம் இல்லாதது உண்மை, எழுதியது அவரேதான்.

"தன்னைப் பத்தித் தானே மொட்டைக் கடிதம் போடுறவன் சரியான ஆளாடா? எனக்குப் பயமா இருக்கு. காப்பியடிச்சதும் நிசம்ங்கிறே. விட்டுடுவோம், வேற இடம் பார்ப்போம். நீ என்ன சொல்றே?"

நான் சொல்வதுதான் தீர்ப்பு. வாயைத் திறந்தேன். மனிதன் குறையுள்ளவன் என்று தொடங்கும் ஒரு நல்ல வாக்கியம் தயாராகவே இருந்தது. அதற்குள் அங்கே ஏதோ இழுபறி நடந்து, வள்ளியின் குரல் வந்தது.

"மாமா, அவர் எதுக்குக் காப்பியடிச்சாராம்?"

"என்னம்மா?"

"எதுக்கு? படிக்க முடியலையா, உடம்பு சரியில்லையா, வீட்டுல ஏதாவதா? என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா?"

நாலு நாள், நாலு ஊர்ப் பேச்சு, ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய மனித இயல்பு. அந்த மனிதனிடம் இந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை. அத்தான் கேட்கவில்லை, அண்ணாச்சி கேட்கவில்லை, பிடித்த பேராசிரியரும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது என்று சொன்னால் அது குறைவு.

"கேக்கலைம்மா" என்றேன்.

"பக்கத்துல இருக்காரா?"

கதவைத் திறந்து ரிசீவரை நீட்டினேன். "வள்ளி உம்மத்தான் கேக்குதா. உள்ள போயி பதில் சொல்லும்" என்றேன். அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலில் தலைமை ஆசிரியர் முன்னால் நிற்கிற மாதிரி விறைத்து நின்றார். அப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒருமுறை கண்ணைத் துடைத்தார், ஒருமுறை சிரித்தார். அத்தான் கண்ணாடியில் காதை வைக்காத குறை. ஒரு எழுத்துகூட வெளியே வரவில்லை.

அடுத்த தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. முத்துக்குமார் இப்போது சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் இருக்கிறார், மாமா மாமா என்று என்மேல் நல்ல பிரியம். ஒவ்வொரு தீபாவளிக்கும் சாப்பாடு முடிந்ததும் வள்ளியைத் தனியாக ஓரங்கட்டி, "எதுக்காம்மா காப்பியடிச்சார்?" என்று நான் கேட்பதும், அவள் சிரிப்பதும் வழக்கமாகிவிட்டது.

"என்கிட்டே சொன்னது என்கிட்டேயே இருக்கட்டும் மாமா" என்கிறாள். "உங்களுக்கு வேணும்னா அன்னிக்கே கேட்டிருக்கலாமே?"